வாக்குக்கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு கண் தசைக்குக் கொடுக்க வேண்டிய காலம்

“டீச்சர், ஒப்பரேஷன் செஞ்ச உடனே கண் நேராயிட்டுதா?”

கேற்றடியில் காத்து நிற்கும் தாய்மார் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். முப்பது வயதுக்குப் பிறகு வாக்குக்கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவள். அது ஊருக்குள் தெரியவந்த பிறகு, வகுப்பு முடிகிற நேரம் யாராவது ஒருவர் பிள்ளையைக் கையில் பிடித்தபடி வந்து நிற்கிறார். கேற்றடியில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

என் பதில் இதுதான். டொக்டர் ஒரு மணித்தியாலம் அளவில் தசையின் இடத்தை மாற்றிவிட்டார். மாற்றிய இடத்துக்கு ஏற்றபடி தசை தன்னைத் திருத்திக்கொள்ள மாதக்கணக்கானது. இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்க்க மூளை பழகுவதற்கு இன்னும் கூடுதலாகவே எடுத்தது. ஆகவே முதல் கிழமை கண்ணாடியில் தெரிவதை வைத்து ‘சரிவந்துவிட்டது’ என்றோ ‘பிழைத்துப் போய்விட்டது’ என்றோ முடிவு கட்டாதீர்கள். இந்த இரண்டு முடிவில் எதை எடுத்தாலும் ஆள் அதற்குப் பிறகு கிளினிக் பக்கம் போகமாட்டார். அதுதான் பெரிய நட்டம்.

என் வலது கண் வெளிப்பக்கமாக விலகும். சின்ன வயதில் எந்நேரமும் அப்படி இல்லை. களைத்தால், காய்ச்சல் வந்தால், நல்ல வெயிலில் நின்றால் மட்டும் விலகும். கடற்கரையில் எடுத்த பழைய படங்கள் எல்லாவற்றிலும் வலது கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன். வெயிலில் ஒரு கண்ணை மூடுவது இந்த வகை வாக்குக்கண்ணின் நன்கு தெரிந்த அடையாளம். வீட்டில் அதைக் கூச்சம் என்று நினைத்தார்கள். டச்சுக்குடா மணலிலோ உப்புவெளியிலோ விளையாடும்போது உங்கள் பிள்ளை எப்போதும் ஒரே கண்ணையே மூடுகிறது என்றால், அதைக் குறித்து வைத்துக்கொண்டு கண் வைத்தியரிடம் சொல்லுங்கள். கிளினிக் அறைக்குள் கண் நேராக நின்று ஏமாற்றிவிடும். வெயிலில் எடுத்த போட்டோ ஒன்று கையில் இருந்தால் டொக்டருக்கு வேலை சுலபம்.

“வாக்குக்கண் ராசியான கண், கை வைக்காதேங்கோ” என்று அம்மம்மா சொல்வார். அன்பில் சொன்ன சொல்தான். ஆனால் இந்த நம்பிக்கையால் எத்தனையோ பிள்ளைகளின் பார்வை போகிறது. ஒரு கண் எப்போதும் விலகியே இருந்தால் மூளை அந்தக் கண்ணில் இருந்து வரும் காட்சியைக் கவனிக்காமல் விடப் பழகிவிடும். அந்தப் பாதை வளர வேண்டிய வயதில் வளராமல் போனால் கண் சோம்பலாகிவிடும். நல்ல கண்ணை ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் மறைத்துக் கட்டிச் சோம்பல் கண்ணுக்கு வேலை கொடுக்கிற சிகிச்சை, ஏழெட்டு வயதுக்கு முன் தொடங்கினால் நன்றாகப் பலன் தரும். அதற்குப் பிறகும் ஓரளவு பலன் உண்டு, ஆனால் கஷ்டம். இதில் சத்திரசிகிச்சையை நம்பி இருக்க முடியாது. ஒப்பரேஷன் கண்ணின் திசையைத்தான் மாற்றும். மங்கிய பார்வையைத் தெளிவாக்காது. என் கண் இடைக்கிடைதான் விலகியது என்பதால் இரண்டிலும் பார்வை தப்பியது.

வளர வளர விலகுவது கூடியது. இருபதுகளின் நடுவில் அநேகமாக எந்நேரமும் வெளியேதான் நின்றது. வகுப்பில் ஒரு பிள்ளையைப் பார்த்துக் கேள்வி கேட்பேன், வேறொரு வாங்கில் இருக்கும் பிள்ளை எழுந்து நிற்கும். இரண்டு பேருக்கும் சங்கடம். பிள்ளைகள் மரியாதையானவர்கள், யாரும் சிரித்ததில்லை. ஆனால் ஆசிரியர் ஒருவருக்கு மாணவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதுதான் முக்கால்வாசித் தொழில். நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரும்பலகையைப் பார்த்தே படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன்.

“இந்த வயசில செய்து என்ன பிரயோசனம்?” என்று பலர் கேட்டார்கள். என்னைப் பார்த்த கண் டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. வளர்ந்தவர்களுக்கும் செய்யலாம், செய்கிறார்கள், பலன் தருகிறது என்று விளக்கினார். முதலில், ஒளியை வளைத்துக் காட்சியை நகர்த்துகிற அரியக் கண்ணாடித் துண்டுகளைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, கண் நேரானால் எனக்கு எப்படித் தெரியும் என்பதை முன்கூட்டியே காட்டினார். ஒரு மீற்றர் தூரத்தில் காட்சியை ஒரு சென்ரிமீற்றர் நகர்த்துகிற அரியத்தின் வலு ஒரு அரிய டயொப்டர். இந்த அலகில்தான் விலகலை அளந்து, எந்தத் தசையை எத்தனை மில்லிமீற்றர் நகர்த்துவது என்று கணக்குப் போடுகிறார்கள். நேராக்கிய நிலையில் காட்சி இரண்டாகத் தெரியுமா, ஒன்றாகச் சேருமா என்பதற்கும் இந்தச் சோதனை முன்னறிவிப்பு மாதிரி. வளர்ந்தவர் யாராவது செய்ய யோசித்தால் இந்தச் சோதனையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

கண்ணைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டுத்தான் செய்வார்கள் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. அது உண்மை இல்லை. கண் தன் குழிக்குள்ளேயே இருக்கும். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. நாலு நேர்தசைகள், இரண்டு சாய்தசைகள். நேர்தசைகள் கருவிழியின் ஓரத்திலிருந்து ஐந்தரை முதல் ஏழே முக்கால் மில்லிமீற்றர் வரை பின்னால் வெள்ளை ஓட்டில் ஒட்டியிருக்கின்றன. மூக்குப் பக்கத் தசைதான் மிக அருகில், ஏறக்குறைய 5.5 மில்லிமீற்றரில். மேலே மூடியிருக்கும் மெல்லிய படலத்தில் சிறிய வெட்டுப் போட்டு, தசையைக் கொக்கியால் தூக்கி, நூல் கோத்து, ஓட்டிலிருந்து வெட்டிப் பிரித்து, அளந்த இடத்தில் மறுபடி தைப்பார்கள். எனக்கு வலது கண்ணின் வெளிப்பக்கத் தசையைப் பின்னால் தள்ளித் தைத்தார்கள், அதனால் அதன் இழுவை குறையும். மூக்குப் பக்கத் தசையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு மீதியை இழுத்துத் தைத்தார்கள், தொளதொளத்த சட்டையைப் பிடித்துத் தைக்கிற மாதிரி. நேர்தசை ஒட்டும் இடத்துக்குப் பின்னால் ஓட்டின் தடிப்பு ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர்தான். அதற்குள் ஊசி போய், உள்ளே துளைக்காமல் வெளியே வர வேண்டும். அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

இந்தச் சிகிச்சையின் வரலாறு 1839இல் தொடங்குகிறது. பேர்லினில் யோஹான் ஃபிரீட்ரிக் டீஃபென்பாக் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் ஏழு வயதுப் பையன் ஒருவனின் உட்பக்கத் தசையை வெட்டிவிட்டார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வர இன்னும் ஏழு வருடம் இருந்தது. அந்தக் காலத்தில் தசையை வெட்டிவிடுவதோடு சரி, மறுபடி தைப்பதில்லை. பலருக்குக் கண் மற்றப் பக்கம் போய்விட்டது. தசையைத் தளரவிட்டால் அது தானாக எங்கேயோ போய் ஒட்டும், எங்கே என்பது யார் கையிலும் இல்லை. இன்று அளந்து தைப்பதன் அருமை அங்கேதான் தெரிகிறது.

கொழும்பில்தான் செய்தேன். முழு மயக்கம். கண் தசையை இழுக்கும்போது இதயத்துடிப்பு குறைகிற ஒரு அனிச்சைச் செயல் உண்டு. அதற்காக மயக்க மருந்து டொக்டர் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்று முன்பே விளக்கினார்கள். அன்றைக்கே வீட்டுக்கு விட்டார்கள். முதல் கிளினிக் முடியும் வரை வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கினேன். திருகோணமலையில் இருந்து போகிறவர்களுக்கு என் புத்திமதி: ஒப்பரேஷன் செய்த அன்றே வாகனம் பிடித்து ஊருக்கு வராதீர்கள். மயக்க மருந்தால் சத்தி வரும், பொதுவாகவே கண் தசை ஒப்பரேஷனுக்குப் பிறகு அது கூடுதல். ஹபறணைக் காட்டு வீதியில் ஆறேழு மணி நேரம் அந்த நிலையில் வரத் தேவையில்லை.

முதல் இரண்டு நாள் கண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தது. கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், அசைத்தால் நோ. பனடோல் போதுமாக இருந்தது. கண் வெள்ளை மாதுளை நிறத்தில் சிவந்திருந்தது, அது மெல்ல மங்கி மறையக் கிழமைகள் பிடிக்கும். நூல் தானாகக் கரையும் வகை. சில கிழமைகளில் பலம் இழந்து, இரண்டு மாதம் அளவில் கரைந்துபோகும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

என்னை உலுக்கியது இரட்டைக் காட்சி. வெளியே போன கண் இப்போது கொஞ்சம் உள்ளே நின்றது. தூரத்தில் பார்த்தால் எல்லாம் இரண்டு. ஊருக்கு வந்தபின் நேர்த்திக்காகக் கோணேசர் கோயிலுக்குப் போகையில், பிறெட்றிக் கோட்டை வாசலில் மேய்ந்த புள்ளிமான்கள் இரட்டிப்பாகத் தெரிந்தன. எது உண்மையான மான் என்று பார்க்க ஒரு கண்ணை மூட வேண்டியிருந்தது. படிகளில் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். தேத்தண்ணீர் ஊற்றினால் கோப்பைக்குப் பக்கத்தில் விழும். கை தவறவில்லை, கண் எந்தத் திசையில் நிற்கிறது என்று மூளை வைத்திருந்த பழைய கணக்கு புதிய தசைக்குப் பொருந்தவில்லை. இந்தத் தடுமாற்றம் சில நாட்களில் போய்விட்டது.

அந்த நாட்களில் அம்மா மிகவும் பயந்துபோனார். “வெளியில போன கண்ணை உள்ளுக்கு வச்சிட்டாங்களே” என்று அழுதார். கிளினிக்கில் கேட்டபோது டொக்டர் சொன்ன பதில் எனக்கு ஒரு முழுப் பாடம். வெளியே விலகும் கண்ணைப் பல வேளை வேண்டுமென்றே சற்று உள்ளே விட்டுத்தான் தைப்பார்களாம். ஏனென்றால் இந்த வகைக் கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் கிழமைகளில் மறுபடி வெளிப்பக்கமாக நகரும். நகர்ந்து வந்து நிற்கும் இடம் நேராக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இது தெரியாத குடும்பம் எத்தனை இரவுகள் தூக்கமில்லாமல் கிடக்கும்! ஒப்பரேஷனுக்கு முன்பே “முதல் கிழமை கண் எங்கே நிற்கும், மூன்றாம் மாதம் எங்கே நிற்க வேண்டும்” என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் நகர்கிறது என்பதில்தான் எனக்குப் பித்துப் பிடித்தது. தசை நாரின் மிகச் சின்னச் சுருங்கும் அலகான சார்கோமியரை வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறவள் நான். இசட் கோடு, அக்ரின், மயோசின், சுருங்கும்போது கோடுகள் நெருங்கும் என்று சொல்லி முடித்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அந்தச் சின்ன அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதுதான் தசையின் நீளம். ஓய்வில் ஒன்றின் நீளம் இரண்டு முதல் இரண்டரை மைக்ரோமீற்றர். ஒரு மில்லிமீற்றருக்குள் 400க்கும் குறையாது. இனித்தான் விஷயம்: தசையை இழுத்துத் தைத்து நீட்டி வைத்தால், அது நாட்போக்கில் புதிய சார்கோமியர்களைக் கோத்துக்கொள்கிறது. தளர்த்தி வைத்தால் சிலவற்றைக் கழற்றி விடுகிறது. ஒவ்வொரு அலகும் தனக்கு வசதியான நீளத்தில், நன்றாக இழுக்கக்கூடிய நிலையில் இருக்கும் வரைக்கும் இந்தக் கூட்டலும் கழித்தலும் நடக்கும். மாவுக்கட்டுப் போட்ட விலங்குகளின் கால் தசையில் இதை 1970களிலேயே கண்டிருந்தார்கள். கண் தசையிலும் அப்படித்தான் என்பதை சான் ஃபிரான்சிஸ்கோவின் கண் வைத்தியர் அலன் ஸ்கொட் 1994இல் காட்டினார். குரங்கின் கண்ணை ஒரு பக்கமாகத் திருப்பி நிறுத்தி வைத்தபோது, நீண்ட தசையில் சார்கோமியர் கூடியது, தளர்ந்த தசையில் குறைந்தது.

என் கண்ணுக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். மூக்குப் பக்கத் தசையை வெட்டிச் சுருக்கி இழுத்துத் தைத்தார்கள். அது முதலில் விறைப்பாக இருந்து கண்ணை உள்ளே இழுத்தது. பிறகு அலகுகளைக் கூட்டித் தன்னை நீட்டிக்கொண்டது, விறைப்புக் குறைந்தது. வெளிப்பக்கத் தசை பின்னால் போய்த் தொய்ந்து கிடந்தது. அது அலகுகளைக் குறைத்துத் தன்னைச் சுருக்கி மறுபடி இழுக்கத் தொடங்கியது. இரண்டும் சேர்ந்தால் கண் உள்ளிருந்து மெல்ல வெளியே வரும். நகர்வுக்கு வேறு காரணங்களும் உண்டு: வீக்கம் வற்றுவது, தசை ஓட்டோடு ஒட்டுகிற தழும்பு இறுகுவதோ நீள்வதோ, மூளை இரண்டு காட்சியையும் சேர்க்க எடுக்கும் முயற்சி. ஆனாலும் தசை தன் நீளத்தைத் தானே திருத்தி எழுதுகிறது என்ற ஒன்று புரிந்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. அம்மாவுக்கும் பழைய உயர்தரக் கொப்பியில் படம் போட்டுக் காட்டினேன்.

கண் தசை மற்றத் தசைகளைப் போல் இல்லை என்பதும் அப்போதுதான் ஆழமாகத் தெரிந்தது. கை, கால் தசையில் நாரை ஒட்டிக்கொண்டு சற்றலைற் கலங்கள் என்ற முதற்கலங்கள் கிடக்கும். வளர்ந்தவரில் அவை பெரும்பாலும் உறங்கும். காயம் பட்டால் விழித்துப் பெருகிப் புது நார் உண்டாக்கும். கண் தசையில் காயமே இல்லாத நேரத்திலும் அவற்றில் சில விழித்தே இருக்கின்றன. வளர்ந்த விலங்குகளின் நல்ல கண் தசை நார்களுக்குள் புதிய கலக்கருக்கள் தொடர்ந்து சேர்ந்துகொண்டிருப்பதை மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் லிண்டா மக்லூன் குழுவினர் 2000களின் தொடக்கத்தில் காட்டினார்கள். மனிதக் கண் தசையிலும் விழித்திருக்கும் கலங்கள் இருந்தன. அதாவது நம் கண் தசை எந்நாளும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. டுஷென் தசைநலிவு நோயில் கை, கால், கடைசியில் நெஞ்சுத் தசையும் தளர்ந்துபோன பிள்ளைகளுக்குக் கண் அசைவு மட்டும் கெடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அப்படி ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும் என்பதால் இதை வாசித்தபோது நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

இன்னொரு சான்றும் இருக்கிறது. கற்றறக்ட் எனும் கண்புரை ஒப்பரேஷனுக்கு மரக்கச் செய்யும் ஊசி மருந்து தவறிக் கண் தசைக்குள் போன சிலருக்குப் பிறகு இரட்டைக் காட்சி வந்தது. பூபிவக்கெயின் என்ற அந்த மருந்து தசை நார்களைச் சிதைக்கும். ஆனால் சற்றலைற் கலங்கள் தப்பிவிடும். அவை மீள வளர்த்த தசை முன்னையதைவிடத் தடித்து வந்தது. இதைக் கவனித்த அதே அலன் ஸ்கொட், பலவீனமான தசையை வலுவாக்க அந்த மருந்தைத் தெரிந்தே ஊசியாகப் போட்டுப் பார்த்து 2007இல் வெளியிட்டார். தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசியை வாக்குக்கண்ணுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அமெரிக்காவில் அதற்கு 1989இல் அனுமதி கிடைத்தது. எல்லாருக்கும் இவை பொருந்தாது. உங்களுக்கு எது சரி என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

தசை இப்படி நன்றாக மீள்கிறது என்பதற்காக அதைப் பயிற்சி செய்து விரட்டலாம் என்று நினைக்க வேண்டாம். கண்ணை மேலும் கீழும் சுழற்றுகிற வீடியோக்களை எனக்குப் பலர் அனுப்பினார்கள். தைத்த தசை எங்கே நிற்பது என்பதை அவை மாற்றாது. சாதாரணமாகப் பார்த்து, வாசித்து, நடந்தாலே தசைக்குத் தேவையான அசைவு கிடைக்கிறது. எனக்கு இரண்டு காட்சியைச் சேர்ப்பதற்கென்று ஒரு பயிற்சி சொல்லித் தந்தார்கள். நூலில் நிற மணிகளைக் கோத்து, ஒரு நுனியை யன்னல் கம்பியில் கட்டி, மறு நுனியை மூக்கில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மணியாகப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால், பார்க்கிற மணியில் இரண்டு நூல்கள் குறுக்கே வெட்டுவது தெரியும். ஒரு நூல் மட்டும் தெரிந்தால் ஒரு கண் வேலை செய்யாமல் ஒதுங்கிவிட்டது என்று அர்த்தம். எனக்கு இது உதவியது. ஆனால் சேர்த்துப் பார்க்கும் திறமையே சின்ன வயதில் உருவாகாதவர்களுக்கு இந்த மாதிரிப் பயிற்சி இரட்டைக் காட்சியைக் கிளப்பிவிடக்கூடும். ஆகவே ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் செய்யக் கூடாது.

கிழமைகள் போகப் போக இரட்டை மான்கள் நெருங்கி வந்தன. முதலில் கிட்டத்தில் ஒன்றானது, பிறகு வகுப்பறையின் கடைசி வாங்கு வரைக்கும் ஒன்றானது. மாலையில் களைத்தால் மட்டும் கொஞ்ச நாள் பிரிந்தது. பெரும்பாலானோருக்கு இப்படித் தானாகவே சரியாகும். சிலருக்கு நீடிக்கும். அப்போது கண்ணாடியில் ஒட்டுகிற மெல்லிய அரியத் தாள் கொடுப்பார்கள், அல்லது மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்படலாம். இரண்டாம் முறை செய்ய வேண்டி வருவது அபூர்வமும் இல்லை, யாருடைய தோல்வியும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்துவிடலாமே என்று ஒரு தாய் கேட்டார். கண்ணின் முன்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகள் இந்த நேர்தசைகளோடுதான் வருகின்றன. வெளிப்பக்கத் தசையில் ஒன்று, மற்ற மூன்றிலும் இரண்டிரண்டு. தசையை வெட்டினால் அந்த நாடியும் போகும். அதனால் ஒரு கண்ணில் ஒரே தடவையில் இரண்டு நேர்தசைக்கு மேல் தொடத் தயங்குவார்கள்.

எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று வீதியில் தெரிந்தது. வலது கண் வெளியே நின்ற காலத்தில், தலையைத் திருப்பாமலே வலப்பக்கம் நிறையத் தெரியும். பின்னால் வந்து முந்துகிற மோட்டார் சைக்கிள் எனக்கு வேளைக்கே தெரிந்துவிடும். கண் நேரானதும் அந்தப் பக்கம் சுருங்கிவிட்டது. உட்புறத் துறைமுக வீதியில் முதல் முறை நடந்தபோது பக்கத்தில் ஓட்டோ திடீரென்று முளைத்தது போல் இருந்தது. பார்வை குறையவில்லை, மற்றவர்களுக்கு இருக்கிற அளவுக்கு வந்திருக்கிறது. அதனால் ஸ்கூட்டியில் ஏறுவதற்கு முன் இரண்டு விஷயம் வேண்டும்: இரட்டைக் காட்சி முழுதாகப் போய் டொக்டர் சரி சொல்ல வேண்டும், வலப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் வர வேண்டும். உள்ளே திரும்பிய கண்ணை நேராக்கியவர்களுக்கு இதற்கு மாறாகப் பார்வைப் பரப்பு விரியும்.

எங்கள் ஊருக்கென்றே சில கவனங்கள் இருக்கின்றன. நான் ஆகஸ்ட் விடுமுறையை ஒட்டிச் செய்தேன். கச்சான் காற்று வீசுகிற காலம். சூடும் புழுதியும் கண்ணைக் காயவைக்கும். தைத்த கண்ணுக்கு உறுத்தல் இரட்டிப்பு. பக்கமும் மறைக்கிற கறுப்புக் கண்ணாடி போட்டேன், டொக்டர் தந்த செயற்கைக் கண்ணீர்த் துளியை நேரம் தவறாமல் விட்டேன். வசதி இருந்தால் காற்றுக் குறைந்த மாதத்தைப் பாருங்கள். பிள்ளையின் விடுமுறைக்காக ஆகஸ்ட்தான் என்றால் கண்ணாடி கட்டாயம். கடற்குளிப்பு, கன்னியா வெந்நீர்க் கிணறு, வாய்க்கால் எதுவும் டொக்டர் விடும் வரை இல்லை. வழக்கமாக இரண்டு முதல் நாலு கிழமை சொல்வார்கள். தலை முழுக வேண்டுமென்றால் தலையைப் பின்னால் சாய்த்து இன்னொருவர் ஊற்றட்டும். கோயிலில் விபூதியை நெற்றியில் அள்ளிப் பூசினால் கண்ணுக்குள் கொட்டும், கொஞ்ச நாள் கையில் வாங்கிக் கழுத்தில் பூசினால் போதும். அடுப்புப் புகைக்கும் மீன் பொரிக்கிற சட்டிக்கும் தள்ளி நில்லுங்கள்.

சொந்தபந்தம் கொண்டுவருகிற மருந்துகள் எதுவும் வேண்டாம். தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச் சாறு, தேன் என்று அன்போடு வருவார்கள். தைத்த கண்ணில் வெளியில் இருந்து எது விட்டாலும் கிருமி போகும். எங்கள் பெரியம்மாவிடம் “டொக்டர் எழுதித் தந்ததைத் தவிர ஒண்டும் விடக் கூடாதாம் பெரியம்மா” என்று தங்கச்சிதான் ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னாள். வீட்டில் இப்படிக் காவலுக்கு ஒரு ஆள் வேண்டும். சொட்டு மருந்தை நோ இல்லை என்பதற்காக இடையில் விடக் கூடாது. அதில் ஸ்டீரொயிட் இருந்தால், சொன்ன காலத்துக்கு மேல் தாங்களாகத் தொடரவும் கூடாது. அது கண் அழுத்தத்தைக் கூட்டலாம்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே வேண்டாம். குறைந்துவந்த நோ திடீரென்று கூடினால், பார்வை மங்கினால், இமை வீங்கி மஞ்சளாகச் சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். ஒரு பக்கம் நன்றாகத் திரும்பிய கண் திடீரென்று அந்தப் பக்கம் திரும்பவே இல்லை என்றால் தைத்த தசை நழுவியிருக்கலாம், அதை எவ்வளவு கெதியாகப் பிடிக்கிறார்களோ அவ்வளவு நல்லது. இரவா, போயா நாளா என்று பார்க்க வேண்டாம். இன்னொன்று, ஒப்பரேஷனோடு தொடர்பில்லாதது: சின்னப் பிள்ளையின் போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாக மினுங்கினால் அதையும் அதே அவசரத்தோடு காட்டுங்கள். கண்ணுக்குள் வளரும் புற்றுநோயின் முதல் அடையாளமாக அது இருக்கலாம். கைக்குழந்தைகளுக்கு முதல் சில மாதம் கண் இடைக்கிடை அலையும். நாலு மாதத்துக்குப் பிறகும் விலகினால் பொறுத்திருக்கக் கூடாது.

நான் செய்த வேலைகளில் மிகவும் பிரயோசனப்பட்டது போட்டோதான். கிழமைக்கு ஒருமுறை, அதே யன்னல் வெளிச்சத்தில், அதே தூரத்தில், நேரே பார்த்து ஒன்று, இடம் வலம் பார்த்து ஒவ்வொன்று. தங்கச்சி எடுப்பாள். தினமும் கண்ணாடியில் பார்க்கிறவருக்கு மாற்றம் தெரியாது, பதற்றம்தான் கூடும். படங்களை வரிசையாகப் பார்த்தபோது கண் உள்ளிருந்து மெல்ல நடுவுக்கு வந்து, மூன்று மாதம் அளவில் அசையாமல் நின்றது தெளிவாகத் தெரிந்தது. டொக்டரும் அந்தப் படங்களை ஆசையோடு பார்த்தார், தன் அளவுகளோடு ஒப்பிட்டார். இரட்டைக் காட்சி எந்த நேரம், எந்தத் தூரத்தில் வருகிறது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுபோனேன். கிளினிக்கில் சனம் நிறைந்திருக்கும், டொக்டருக்கு ஒருவரோடு கதைக்கக் கிடைப்பது சில நிமிடம். கொப்பி இருந்தால் அந்த நிமிடங்கள் வீணாகாது.

மூன்று மாதத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தழும்பு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நீளலாம், வெளியே விலகும் கண் மறுபடி விலகப் பார்க்கலாம். எனக்கு இன்றும் காய்ச்சல் வந்தால் வலது கண் இலேசாகத் தளர்கிறது. அளந்து பார்த்து, பரவாயில்லை, வருடத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்றார்கள். கண்ணாடி முன்பு போட்டவர்கள் இப்போதும் போட வேண்டும். கிட்டப்பார்வைக்கு வேண்டிய கண்ணாடியை ‘இனித் தேவையில்லை’ என்று கழற்றிவிட்டால் தூரக் காட்சி மங்கும், சேர்த்துப் பார்க்கிற முயற்சியும் தளரும், கண் விலக அதுவே இடம் கொடுக்கும். பிள்ளைகளுக்கு மறைப்புக் கட்டச் சொல்லியிருந்தால் ஒப்பரேஷனுக்குப் பிறகும் டொக்டர் நிறுத்தச் சொல்லும் வரை கட்டுங்கள். அடுத்த கிளினிக் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். போகும்போது பழைய படங்களையும், கொப்பியையும், பிள்ளை போடுகிற கண்ணாடியையும் கையோடு கொண்டு போங்கள்.